செவ்வாய் பத்து மணி

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கும் வீதிகளில்
காற்று வெறுங்கையோடு வருவதில்லை.
திங்களன்று துடைத்த கண்ணாடி
வியாழனன்று மோர் ஊற்றியதுபோல் மங்கிவிடும்.
என் வீட்டு உலையில் போடும் உப்பும் அதுதான்,
அதனால் கடலைப் பற்றி நான் குறை பேசுவதில்லை.

டிவிஎஸ் ஐம்பதின் பக்கவாட்டில் கட்டிய ஏணி.
வாளிக்குள் ரப்பர் வைப்பர், பழைய வேட்டித் துணி,
காலி பிராந்தி பாட்டிலில் வினிகர்.
ஒருமுறை நிறுத்திய போலீஸ்காரர்
மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து
கண்ணீரோடு வழியனுப்பி வைத்தார்.

புது வாடிக்கை பிடிப்பது பெரிய விஷயமில்லை.
ஒரு ஜன்னலைத் துடைத்துக் காட்டினால்
பக்கத்து ஜன்னல் தானாகக் கூப்பிடும்.
இரண்டாம் வருடமும் கதவு திறக்க வேண்டுமே,
வித்தை அங்கேதான்.

பல் டாக்டர் இளஞ்சேரனுக்கு ஏழரைக்குள் முடியணும்:
வாய் பிளந்து கிடப்பவர் மேல்
என் நிழல் விழக் கூடாது.
ரொட்டிக்கடை ஷம்சுதீன் உள்பக்கம் தொடவிட மாட்டார்,
படிந்த மாவுதான் விளம்பரமாம்.
மழை வந்து கெடுத்தால்
மறுநாள் போய்ச் சும்மா துடைத்துத் தருவேன்.
புயலுக்கு ஒட்டிய டேப்பின் பெருக்கல் குறிகளை
பிளேடால் சுரண்டிவிட்டு
தனிக்காசு கேட்காமல் இறங்குவேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தது
அந்தப் பக்கத்தோடு சரி.
உதாரணம் கேட்காதீர்கள்.
சொன்னால் தொழில் போச்சு.

செவ்வாய் பத்து மணிக்கு
துய்மா வீதி, மதாம் ஒர்த்தான்ஸ்.
பதினெட்டுக் கண்ணாடி.
முதல் நாள் தூசு தும்பு விடாமல் துடைத்தேன்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாய்ச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார்.
எதுவும் அகப்படவில்லை.
காசு கொடுத்த கையில் அத்தனை வருத்தம்.

அடுத்த செவ்வாய்,
மூன்றாம் ஜன்னல், கீழ் இடது மூலையில்
கடுகளவு ஒரு புள்ளியை விட்டுவைத்தேன்.
"இது என்ன, லூர்து?"
"அடடா, மதாம்!"
அன்று காப்பி வந்தது, பிஸ்கோத்தோடு.
பதினோரு வருடமாய் வருகிறது.
புள்ளி மட்டும் ஜன்னல் மாறும்.

போன ஐப்பசியில் அவர் அதைக் காணவில்லை.
"இன்னிக்கு ரொம்ப சுத்தம்" என்றார்.
வயிற்றில் புளி கரைந்தது எனக்கு.
மறுவாரம் துவரம்பருப்பளவு விட்டேன். தாண்டிப் போனார்.
பிறகு மொச்சைக்கொட்டை.
பிறகு, கூசிக்கொண்டே, ஒரு இட்லி அளவு.
அதன் வழியாகவே வீதியைப் பார்த்து
"மூட்டமா இருக்கே, மழை வருமா?" என்றார்.
வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

மகள் துலூஸில். நம்பர் என்னிடம் இல்லை.
இதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து விஷயம்தான்.
ஏணியின் நாலாவது படியில் வெகுநேரம் நின்றேன்.
வாளித் தண்ணீர் தெளிந்து, அடியில் மண் தெரிந்தது.
இறங்கிப் போய்ச் சொன்னேன்:
"மதாம், அழுக்கு கண்ணாடியில இல்ல."

காப்பி வரவில்லை.
அடுத்த செவ்வாய் கதவும் திறக்கவில்லை.
அதற்கடுத்ததும்.
வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு வந்தேன்,
கணக்கு நோட்டில் ஏற்றாமல்.

தை மாதம். கதவு திறந்தது,
கறுப்புக் கண்ணாடி போட்ட மதாம்.
"ஒரு கண்ணு ஆச்சு" என்று சொல்லிவிட்டு
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் விட்ட புள்ளியைக் கண்டார்.
நான் விடாத நான்கைக் கண்டார்.
மேல்சட்டத்தில்
பதினோரு வருடத் தூசியைக் கண்டார்.
"இத்தனை நாளும் இப்படித்தான் துடைச்சியா?"
இருபது ரூபாய் பிடித்துக்கொண்டு
காப்பி கொடுத்தார்.

மாசியில் அடுத்த கண்ணுக்கும்
தேதி வாங்கியாயிற்றாம்.

நல்ல துணியாய் நாலு வாங்க வேண்டும்.